மென்பொருளுக்கு முன் ஒரு வரைபடத்தைப் பின்தொடருங்கள்: கொழும்பு நிர்மாண நிறுவனத்தின் டிஜிட்டல் ஆயத்தத்தை அளக்கும் வழி

கொழும்பில் ஒரு நடுத்தர நிர்மாண நிறுவனத்திலோ கட்டடக்கலைஞர் அலுவலகத்திலோ புதிதாகச் சேர்ந்திருக்கும் பொறியியலாளர்கள், படவரைஞர்கள், வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் கியூ.எஸ். பயிலுநர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். சேர்ந்து சில வாரங்கள் போனதும் முதலாளி கூப்பிடுவார். "தம்பி, எல்லாரும் பிம் பிம் எண்டு சொல்றாங்க. நாங்களும் மாறத்தான் வேணும். நீங்கதானே இப்ப படிச்சிட்டு வந்தீங்க, என்ன வாங்க வேணும் எண்டு பார்த்துச் சொல்லுங்க" என்பார். பெண்பிள்ளையாக இருந்தால் 'தம்பி' போய் 'தங்கச்சி' வரும், பொறுப்பு அதேதான்.

உடனே ஒரு மென்பொருளின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். நிறுவனம் தயாராக இருக்கிறதா என்பது கணினிகளின் எண்ணிக்கையில் தெரியாது. ஒரு தகவல் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும் இடத்தில்தான் அது தெரியும்: வரைந்தவரிடமிருந்து சைட்டுக்கு, சைட்டிலிருந்து பில் போடுபவருக்கு, அவரிடமிருந்து வாடிக்கையாளருக்கு. அந்தக் கைமாற்றம் காகிதத்திலேயே ஒழுங்காக நடக்காத அலுவலகத்தில், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் பழைய குழப்பத்தைக் கூடுதல் வேகத்தில் பரப்பும். ஆகவே முதலில் கைமாறும் இடங்களைப் பாருங்கள்.

பிம், அதாவது கட்டடத் தகவல் மொடலிங், என்பது என்ன என்று இன்னும் தெளிவில்லாதவர்களுக்கு ஒரு சொல். ஆட்டோகேட் என்ற வரைதல் மென்பொருளில் சுவர் என்பது இரண்டு கோடு. பிம் மொடலில் சுவர் என்பது தடிப்பு, பொருள், தளம், உயரம் ஆகியவற்றைத் தன்னோடு வைத்திருக்கும் ஒரு சுவர். அதை நகர்த்தினால் தளப்படம், வெட்டுமுகம், கதவு அட்டவணை எல்லாம் கூடவே மாறும். அதன் பலமும் ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றன. பிழையாக நகர்த்தினாலும் எல்லாம் கூடவே மாறிவிடும்.

முதலாம் படி: ஒரே ஒரு மாற்றத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தேடிப்போங்கள்

வேலை நடந்துகொண்டிருக்கும் ஒரு சைட்டைத் தெரிவுசெய்யுங்கள். அண்மையில் மாறிய ஒரு விடயத்தை எடுங்கள். வெள்ளவத்தையில் எழும் ஒரு தொடர்மாடி என்று வையுங்கள். நான்காம் மாடிக் குளியலறையின் குழாய்த் தண்டு பீமில் முட்டுகிறது, அதனால் 300 மில்லிமீற்றர் தள்ளி வைக்க முடிவாகியிருக்கிறது. மிகச் சிறிய மாற்றம். ஆனால் இதைக் கட்டடக்கலைஞர், கட்டமைப்புப் பொறியியலாளர், குழாய் வேலை ஒப்பந்தக்காரர், கம்பி கட்டுபவர், கியூ.எஸ். ஆகிய ஐவரும் அறிந்திருக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொருவரிடமும் நேரில் போய் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். உங்களிடம் இருக்கும் வரைபடம் எது? அது எப்போது, யார் மூலமாக வந்தது? அதுதான் கடைசி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது கேள்விக்குத்தான் உண்மை வெளியில் வரும். கட்டடக்கலைஞர் மின்னஞ்சலில் அனுப்பியிருப்பார். திட்ட முகாமையாளர் அதைத் திறந்து, திரையைப் போனில் படம் பிடித்து, சைட்டின் வட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பார். படமாகப் போட்டால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், அளவு எழுத்துகள் கலங்கிப்போகும். 300 என்பதும் 800 என்பதும் ஒன்றுபோலத் தெரியும். கோப்பாக அனுப்பியிருந்தால் தெளிவு கெட்டிருக்காது. இந்த ஒரு வேறுபாட்டை இன்றைக்கே சைட்டுக்குச் சொல்லிக் கொடுக்கலாம், செலவு எதுவும் இல்லை. சைட் அலுவலகச் சுவரில் பழைய ஏ3 தாள் இன்னும் ஒட்டியிருக்கும். கம்பி கட்டுபவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் வேலை செய்திருப்பார். கியூ.எஸ்.ஸுக்கோ, குழாய் ஒப்பந்தக்காரர் மேலதிக வேலைக்கு பில் கொண்டுவந்த அன்றுதான் மாற்றம் நடந்ததே தெரிந்திருக்கும்.

இதை யாரையும் குற்றம் பிடிக்கும் விசாரணையாக நடத்தாதீர்கள். "ஏன் பார்க்கவில்லை" என்று ஒரு தரம் கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். சைட்டின் மூத்த பாஸ் (மேசன்) ஒருவருடன் தேநீர் குடித்துக்கொண்டே, "அண்ணே, படம் மாறினா உங்களுக்கு எப்படித் தெரிய வரும்?" என்று கேளுங்கள். எந்த ஆய்வுப் படிவமும் தராத விபரம் அந்தப் பேச்சில் கிடைக்கும்.

கிடைத்ததை ஒரு தாளில் எழுதுங்கள். யாரிடமிருந்து யாருக்கு, எந்த வழியில், எத்தனை நாளில், எந்தத் திருத்தம். வெற்றிடம் விழும் இடங்களைச் சிவப்பால் வட்டமிடுங்கள். உங்கள் நிறுவனத்தின் ஆயத்த நிலை அந்த ஒரு தாளில் இருக்கிறது.

நிறுவனத்தின் பெயரையும் அளவையும் வைத்து இதை ஊகிக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீடா என்று நாம் அழைக்கும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை ஒப்பந்தக்காரர்களை சி9 இலிருந்து சி1 வரையும் அதற்கு மேலான சி.எஸ். தரங்களிலும் பதிவுசெய்கிறது. அந்தத் தரம் பண வலு, அனுபவம், ஆளணி, இயந்திரங்கள் போன்றவற்றைச் சொல்லும். திருத்திய வரைபடம் கம்பி கட்டுபவரிடம் எத்தனை நாளில் போய்ச் சேரும் என்பதைச் சொல்லாது. ஒரே கோபுரத்தில் முகப்புக் கண்ணாடி வேலை வெளிநாட்டு மொடலிலிருந்து நேரே வெட்டப்பட்டு வரும், அதே மாடியின் கல் கட்டு வேலை போனில் வந்த ஒரு படத்தை நம்பி நடக்கும். கொழும்பில் ஆயத்தம் இப்படித்தான் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது.

இரண்டாம் படி: நான்கு கோப்புறைகள், ஒரு பதிவேடு

மொடல் தகவலை முகாமை செய்வதற்கான சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ. 19650. அதன் முதலிரு பகுதிகள் 2018 இல் வெளிவந்தன. வாசித்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அதன் மையத்தில் இருக்கும் எண்ணத்தை எந்தச் சிறு அலுவலகமும் நாளைக்கே செய்யலாம். ஒவ்வொரு கோப்பும் நான்கு நிலைகளில் ஒன்றில்தான் இருக்க வேண்டும்: வேலை நடந்துகொண்டிருப்பது, மற்ற துறையினர் பார்ப்பதற்காகப் பகிர்ந்தது, அனுமதிக்கப்பட்டு வெளியிட்டது, காலம் முடிந்து காப்பகத்துக்குப் போனது. கூகுள் டிரைவிலோ அலுவலக சர்வரிலோ நான்கு கோப்புறைகளைத் திறந்தால் போதும்.

அதன் பிறகு ஒரு விதி. வெளியிட்டவை என்ற கோப்புறையிலிருந்து வராத எதையும் சைட் கட்டக்கூடாது. புதிய தாளைக் கொண்டுபோகிறவர் பழைய தாளைக் கழற்றிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். வரைபட எண், திருத்த எழுத்து, திகதி, யாருக்குக் கொடுத்தது, யார் பெற்றுக்கொண்டது ஆகிய ஐந்து பத்திகளோடு எக்ஸெல்லில் ஒரு பதிவேடு வையுங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் சேர் சொன்னது' என்ற கோப்புப் பெயர்களுக்கு அன்றோடு விடை கொடுங்கள்.

இந்த ஒழுங்குக்கு கணினியே தேவையில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கோட்டே நாடாளுமன்றக் கட்டடம் 1982 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஆட்டோகேட்டின் முதல் பதிப்பு அந்த ஆண்டு டிசம்பரில்தான் விற்பனைக்கு வந்தது. அந்தத் தலைமுறைப் படவரைஞர்கள் சிலரிடம் பயின்றவர்கள் இன்றும் கொழும்பு அலுவலகங்களில் இருக்கிறார்கள். தாளின் மூலையில் திருத்த முக்கோணத்தை எப்படிப் போடுவது, எதை மாற்றினோம் என்பதை மேகக் கோட்டால் எப்படிச் சுற்றிக் காட்டுவது என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

மொழியையும் இந்தப் படியிலேயே கவனியுங்கள். வரைபடம் ஆங்கிலத்தில் இருக்கும். மேற்பார்வையாளர் சிங்களத்தில் பேசுவார். கம்பி கட்டும் குழு ஹற்றனிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்திருக்கலாம். நிறுவனங்கள் விரும்பி வாங்கும் சைட் செயலிகள் பலவற்றின் முகப்பு ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும். திருத்தம் வெளியிடும்போது மூன்று மொழியிலும் ஒரு வரிக் குறிப்புச் சேருங்கள்: "4ஆம் மாடி, குளியலறைத் தண்டு 300 மி.மீ. கிழக்கே மாறியது. பழைய தாளைப் பாவிக்க வேண்டாம்." செயலி தேடும் நேரம் வரும்போது படமும் குரல் பதிவும் ஏற்கும் செயலியைத் தேடுங்கள். இதைச் சின்ன விடயம் என்று பலர் தள்ளிவிடுவதைக் காண எனக்கு வருத்தமாக இருக்கிறது. கட்டடத்தைக் கட்டுபவருக்குப் புரியாத தகவல் யாருக்காக இருக்கிறது?

மூன்றாம் படி: ஆட்கள்

முதலில் இயக்குநரைப் பாருங்கள். நிறுவனத்தின் ஆயத்தத்தைக் காட்டும் மிக வலுவான அறிகுறி மேலே இருப்பவரின் பழக்கம்தான். பதிவேடு தொடங்கிய பிறகும் அவர் இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் "அந்தச் சுவரை எடுத்துவிடுங்கள்" என்று நேரே சைட்டுக்குச் சொல்வாரானால், கீழே யாரும் பதிவேட்டைப் பார்க்கப்போவதில்லை. இதை அவரிடம் மரியாதையாகச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். முதலாம் படியில் எழுதிய தாளைக் காட்டி, "சேர், நீங்க சொல்றதையும் இந்த வழியாலேயே அனுப்பினா சைட்டுக்கும் பிரச்சினை இல்லை, பில்லும் தப்பாது" என்று சொன்னால் கேட்பார்கள். பில் தப்பாது என்ற சொல்லுக்கு நல்ல பலன் உண்டு.

அடுத்தது அனுபவமும் திறனும் சேரும் இடம். இருபது வருடமாக ஆட்டோகேட்டில் வரையும் மூத்த படவரைஞருக்கு, மொட்டைமாடியின் நீர்க்காப்புப் படலம் பரப்பட் சுவரில் எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்பது தெரியும். ரெவிட் என்ற பிம் மென்பொருளைக் கற்று வந்த இளைஞருக்குப் பொத்தான்கள் தெரியும், அந்த விபரம் தெரியாது. இருவரையும் ஒரே மேசையில் இருத்துங்கள். மூத்தவரை ஒதுக்கிவிட்டு மொடல் செய்த அலுவலகத்திலிருந்து பார்க்க அழகான, கட்ட முடியாத மொடல்தான் வெளியில் வரும்.

2022 நெருக்கடிக்குப் பிறகு துறையை விட்டு வெளிநாடு போனவர்கள் ஏராளம். வளைகுடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் முதலில் போகிறவர்கள் மொடல் தெரிந்தவர்களே. ஒருவரை மட்டும் பயிற்றினால் அவர் விமானம் ஏறும் நாளில் நிறுவனத்தின் டிஜிட்டல் திட்டமும் ஏறிவிடும். எப்போதும் இருவரைப் பயிற்றுங்கள். அவர்கள் செய்வதை நிறுவனத்தின் வார்ப்புருவாக எழுதி வையுங்கள்: தாள் தலைப்பு, கோட்டுத் தடிப்பு, சுவர் வகைகளின் பெயர், கோப்பு எண் முறை. பயிற்சிக்கென்று வாரத்தில் அரை நாளாவது வேலை நேரத்திலேயே ஒதுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் இரவில் படிக்கச் சொல்வது பயிற்சித் திட்டம் ஆகாது.

நான்காம் படி: டொலரில் வரும் பில்

இனித்தான் விலை. பெரிய மென்பொருட்கள் இன்று சந்தா முறையில்தான் வருகின்றன. ஆட்டோகேட், ரெவிட் ஆகியவற்றை விற்கும் ஆட்டோடெஸ்க் 2016 இல் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திவிட்டது. ஆண்டுதோறும் கட்ட வேண்டும், விலை டொலரோடு ஏறி இறங்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அந்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்க வேண்டியிருந்த அலுவலகத்துக்கு அதே மென்பொருள் இரண்டே மாதத்தில் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு விலையானது. அதே காலத்தில் சைட்டுகள் நின்றிருந்தன.

ஆகவே கணக்கை இரண்டு பத்தியில் போடுங்கள். இன்றைய மாற்று விகிதத்தில் ஆண்டுச் செலவு எவ்வளவு, விகிதம் ஐந்தில் ஒரு பங்கு மோசமானால் எவ்வளவு. இரண்டாவது பத்தியையும் தாங்குமானால் மட்டும் வாங்கலாம். நம் ஒப்பந்தக்காரர்களுக்கு இடைக்காலக் கொடுப்பனவுகள் பிந்தி வருவது வழக்கம். சந்தாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

எத்தனை உரிமம் வேண்டும் என்பதிலும் தேவையற்ற செலவு நடக்கிறது. மொடலை உருவாக்குபவருக்கு மட்டுமே உரிமம் வேண்டும். பார்ப்பவர், அளப்பவர் ஆகியோருக்கு நேவிஸ்வேர்க்ஸ் ஃப்ரீடம் போன்ற இலவசப் பார்வையிகள் போதும். ஐ.எஃப்.சி. என்ற திறந்த கோப்பு வடிவத்தில் மொடலை ஏற்றுமதி செய்து கேட்டால், எந்த மென்பொருளில் செய்திருந்தாலும் அந்த வடிவத்தைத் திறக்கும் பார்வையியில் பார்க்கலாம். அதுவும் ஐ.எஸ்.ஓ. 16739 என்ற நியமம்தான். பிளெண்டருடன் சேர்ந்து இயங்கும் பொன்சாய், ஃப்ரீகேட், நேர அட்டவணைக்கு புரொஜெக்ட்லிப்ரே ஆகியன இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றைக் கற்க நேரம் கூடுதலாகப் போகும், அதையும் செலவில் சேருங்கள்.

திருட்டுப் பிரதி வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பாதுகாக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வேலை செய்யும் அலுவலகத்துக்கு இதனால் வரும் அவமானம் அபராதத்தை விடப் பெரியது. மாணவர் உரிமத்தில் வணிக வேலை செய்வதும் அனுமதிக்கப்பட்டதல்ல.

ரெவிட் வாங்குவதென்றால் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது, பழைய பதிப்புக்குத் திருப்பிச் சேமிக்கவும் வழியில்லை. கட்டமைப்புப் பொறியியலாளர் ஒரு பதிப்பிலும் நீங்கள் இன்னொரு பதிப்பிலும் இருந்தால் வேலை நின்றுவிடும். திட்டத்தின் முதல் கூட்டத்திலேயே எந்தப் பதிப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். கணினியைப் பொறுத்தவரை நினைவகமும் நல்ல யூ.பி.எஸ்.ஸும் பார்த்து வாங்குங்கள், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை கேட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாம் படி: மொடல் தரும் அளவை கியூ.எஸ். நம்புவாரா?

கொழும்பு நிறுவனங்கள் பலவற்றில் மாற்றம் சிக்கி நிற்கும் இடம் இதுதான். வரைபவர்கள் மொடலுக்கு மாறிவிடுவார்கள். கணிய அளவையியலாளரான கியூ.எஸ். பி.டி.எஃப். எடுத்துத் தன் கையால் மீண்டும் அளப்பார். அதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அவருக்குக் காரணம் உண்டு.

நம் நாட்டில் கட்டட வேலையை அளப்பதற்கு எஸ்.எல்.எஸ். 573 என்ற நியமம் இருக்கிறது. எதை எந்த அலகில் அளப்பது, எந்தத் திறப்பைக் கழிப்பது, எதைத் தனி உருப்படியாகக் காட்டுவது என்பதற்கெல்லாம் அதில் விதி உண்டு. மொடலுக்கு அந்த விதிகள் தெரியாது, அது உள்ள கனவளவைச் சொல்லும். தூணும் பீமும் சந்திக்கும் இடத்தில் கொங்கிரீட் எந்தப் பக்கம் சேரும் என்பது மொடல் செய்தவர் இணைத்த விதத்தைப் பொறுத்தது. கொங்கிரீட் ஊற்ற அடிக்கும் பலகை அடைப்பு பெரும்பாலும் மொடலில் இருக்காது. பூச்சைத் தனிப் படலமாகப் போடாவிட்டால் அதுவும் வராது. மொடலில் இல்லாதது அளவும் விலையும் எழுதும் பட்டியலான பி.ஓ.கியூ.வில் விடுபட்டுப்போனால் நட்டம் நிறுவனத்துக்கு, கேள்வி கியூ.எஸ்.ஸுக்கு.

அலகும் ஒரு தலையிடி. காணி பேர்ச்சில் பேசப்படும், ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. வீட்டின் விலை சதுர அடியில். வரைபடம் மில்லிமீற்றரில். மணலும் கல்லும் கியூபில் வந்து இறங்கும், ஒரு கியூப் 100 கன அடி, அதாவது ஏறக்குறைய 2.83 கன மீற்றர். மொடலோ கன மீற்றரில் பேசும். கொள்முதல் செய்பவர், களஞ்சியப் பொறுப்பாளர், கியூ.எஸ். ஆகிய மூவரும் ஒரே மாற்று அட்டவணையைப் பாவிக்கிறார்களா என்று பாருங்கள். பாவிக்கவில்லை என்றால் எந்த மென்பொருளும் அவர்களை ஒத்துப்போக வைக்காது.

நான் மிகவும் நம்பும் பரிசோதனை இது. ஒரே ஒரு மாடியை எடுங்கள். கியூ.எஸ். வழக்கம்போலக் கையால் அளக்கட்டும். நீங்கள் மொடலிலிருந்து எடுங்கள். கொங்கிரீட், கல் கட்டு, தளஓடு என்று மூன்று உருப்படி போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, வேறுபடும் ஒவ்வொரு இடத்துக்கும் காரணத்தைச் சேர்ந்து கண்டுபிடித்து எழுதுங்கள். சில இடத்தில் மொடல் பிழையாக இருக்கும், சில இடத்தில் கையளவு பிழையாக இருக்கும், இன்னும் சில இடத்தில் இரண்டும் சரியாக இருந்து விதி மட்டும் வேறாக இருக்கும். அந்தக் காரணப் பட்டியலே மொடலை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கான உங்கள் அலுவலக விதிப்புத்தகம் ஆகும். அதை எழுதுவதில் பங்கெடுத்த கியூ.எஸ். அதற்குப் பிறகு மொடலின் எதிரியாக இருக்கமாட்டார்.

ஆறாம் படி: ஒப்பந்தத்தைத் திறந்து வாசியுங்கள்

புதியவர்கள் பொதுவாகத் தொடாத கோப்பு இது. தொட வேண்டும். ஒப்பந்தம் இடம் கொடுக்காத தொழில்நுட்பம் சைட்டில் எடுபடாது.

வழமையான முறையில் வடிவமைப்பு முடிந்து, கேள்விமனு கோரி, அதன் பிறகுதான் ஒப்பந்தக்காரர் வருகிறார். கட்டடக்கலைஞர் மொடல் செய்திருந்தாலும் ஒப்பந்தக்காரர் கைக்கு வருவது பி.டி.எஃப். மட்டும். மொடலைக் கொடுத்தால் அதிலுள்ள பிழைக்குத் தான் பொறுப்பாகிவிடுவேனோ என்ற அச்சம் வடிவமைப்பாளருக்கு. அதைச் செய்யத் தனிக் கட்டணம் யார் தருவது என்பதும் பேசப்பட்டிருக்காது. அதனால் ஒரே கட்டடம் இரண்டு தரம் மொடல் செய்யப்படுகிறது. உங்கள் அலுவலகம் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: மொடல் யாருக்குச் சொந்தம், வரைபடமும் மொடலும் முரண்பட்டால் எது செல்லும், மொடலை எந்த நோக்கத்துக்கு மட்டும் நம்பலாம். வடிவமைத்துக் கட்டும் ஒப்பந்தங்களில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனெனில் இரு பக்கமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

மின்னஞ்சல் செல்லுமா? 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது. காணி விற்பனை, அற்றோணித் தத்துவம், மரண சாசனம் போன்றவற்றுக்கு அது பொருந்தாது. கட்டட ஒப்பந்தம் அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. ஆனாலும் உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதே முக்கியம். சர்வதேச மாதிரி நிர்மாண ஒப்பந்தமான ஃபிடிக் 1999 சிவப்புப் புத்தகத்தில் 1.3 ஆம் வாசகம், பின்னிணைப்பில் குறிப்பிட்டு ஒப்புக்கொண்ட மின்னணு வழி மூலம் அறிவித்தல் கொடுக்கலாம் என்கிறது. அந்தப் பின்னிணைப்பில் இடத்தை வெறுமையாக விட்டிருந்தால், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் பின்னாளில் வாதத்துக்கு உள்ளாகும். அதே ஒப்பந்தத்தின் 20.1 ஆம் வாசகப்படி ஒப்பந்தக்காரர் மேலதிக காலமோ பணமோ கோருவதற்கு, நிகழ்வை அறிந்த 28 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். திகதியோடு ஒழுங்காக வைத்த சைட் படங்களும் வரைபடப் பதிவேடும் அந்த இடத்தில்தான் பணமாக மாறுகின்றன. டிஜிட்டல் எதற்கு என்று கேட்கும் ஒப்பந்தக்கார முதலாளிக்கு அழகான முப்பரிமாணப் படத்தைக் காட்டுவதைவிட இதை விளக்குவது பயன் தரும்.

அனுமதி தரும் நிறுவனங்களின் பக்கத்தையும் பாருங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபை, கொழும்பு மாநகர சபை, தீயணைப்புச் சேவை, நீர் வழங்கல், மின்சாரம், கரையோரத்திலிருந்து 300 மீற்றர் வரையான வலயத்தில் கரையோரம் பேணல் திணைக்களம் என்று ஒரு தொடர்மாடி பல மேசைகளைத் தாண்ட வேண்டும். வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடல் பக்கம் கட்டுபவர்களுக்கு இந்த வலயம் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு மேசையும் எந்த வடிவத்தில், எத்தனை பிரதி கேட்கிறது என்று முன்கூட்டியே கேட்டு எழுதுங்கள். மொடலிலிருந்து ஒழுங்கான தாள் அச்சாக வரவேண்டிய தேவை இன்னும் நெடுங்காலம் இருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளின்படி பதிவும் அனுமதியும் வேண்டும், கொழும்பு நகருக்குள் இதில் விளையாடக்கூடாது. தொழிலாளரின் கைரேகையால் வரவு பதியும் கருவி வைத்திருந்தால், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய உயிரியல் தரவைச் சிறப்பு வகையாகக் கருதுகிறது என்பதை மனிதவளப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: சிறிய முன்னோட்டம்

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு வேலையைத் தெரிவுசெய்யுங்கள். நிறுவனத்தின் மிகப் பெரிய திட்டம் வேண்டாம், அடுத்த வாரம் கேள்விமனு கொடுக்க வேண்டிய திட்டமும் வேண்டாம். சேவைக் குழாய்கள் நெருக்கமாக ஓடும் ஒரு மாடி நல்லது: கார் நிறுத்தும் அடித்தளம், அல்லது ஏ.சி. குழாயும் தீயணைப்புக் குழாயும் கழிவுக் குழாயும் ஒரே கூரை இடைவெளியில் போட்டியிடும் தாழ்வாரம். கட்டமைப்பையும் பெரிய குழாய்களையும் மட்டும் மொடல் செய்யுங்கள். கைப்பிடிகளையும் விளக்குகளையும் மொடல் செய்யத் தொடங்கினால் மூன்று மாதம் அதிலேயே போய்விடும்.

முட்டும் இடங்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் முதல் நாளில் நூற்றுக்கணக்கில் காட்டும். பயந்துவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரே காரணத்தின் பிள்ளைகள். ஒரு பிரதான குழாயை உயர்த்தினால் பல ஒன்றாகத் தீரும். வாரம் ஒரு நாள் எல்லாத் துறையினரையும் ஒரே திரையின் முன் உட்கார வையுங்கள், சைட் மேற்பார்வையாளரும் அங்கே இருக்க வேண்டும். முடிவானதை அன்றே வெளியிட்டவை கோப்புறைக்கு அனுப்புங்கள்.

அளப்பதற்குத் தொடக்கத்திலேயே மூன்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: சைட் கேட்ட விளக்கத்துக்கு விடை வர எத்தனை நாள் எடுத்தது, உடைத்துத் திரும்பக் கட்டியது எத்தனை இடம், திருத்திய தாள் கம்பி கட்டுபவரைப் போய்ச் சேர எத்தனை நாள். முன்னோட்டம் தொடங்குமுன் பழைய முறையில் நடந்த ஒரு மாடிக்கும் இதே மூன்றையும் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது.

முதலாளிக்குக் கொடுக்கும் அறிக்கை ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மேலே முதலாம் படியின் தாளைச் சுருக்கி வரையுங்கள், சிவப்பு வட்டங்களோடு. அதன் கீழ் அந்த மூன்று எண்கள், பழையதும் புதியதும். அதன் கீழ் செலவு, இரண்டு மாற்று விகிதத்திலும். கடைசியில் மூன்று முடிவுகளில் ஒன்றை உங்கள் பெயரோடு பரிந்துரையுங்கள்: இப்போதே இரண்டு உரிமம் வாங்கலாம், ஆறு மாதம் பதிவேட்டையும் பயிற்சியையும் உறுதிப்படுத்திவிட்டு வாங்கலாம், அல்லது மொடல் வேலையை வெளியில் கொடுத்துவிட்டு அதைப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் மட்டும் நம் ஆட்களைப் பழக்கலாம். சிறிய அலுவலகங்களுக்கு மூன்றாவது வழி பெரும்பாலும் நல்லது. அதைத் தோல்வியாக எழுதாதீர்கள், முதலாளியும் அப்படி வாசிக்காதபடி காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள்.